ஐம்பத்தேழாம் எண் வீட்டைக் கணக்கில் சேர்த்தருள வேண்டி

அனுப்புநர்:
தங்கள் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்,
கதவு எண் 57, நான்காவது வார்டு.
(தங்கள் அலுவலகப் பதிவேட்டின்படி இப்படியொரு கதவு எண் கிடையாது. ஆனாலும் கடிதம் போட்டால் வந்து சேரும்.)

பெறுநர்:
உயர்திரு காப்பாளர் அவர்கள்,
பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடுகள் பிரிவு,
ஆவணக் காப்பகம், இரண்டாம் மாடி.

பொருள்: முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போன என் கொள்ளுத்தாத்தா இந்த ஊரில் குடியிருந்தார் எனச் சான்று கோருதல் – அதன்பேரில் என் தாயாருக்குப் பழைய இடுகாட்டில், என் தகப்பனாருக்குப் பக்கத்தில், இடம் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் விண்ணப்பங்கள் மூன்று. 2. 'அப்படி ஒருவர் பதிவேட்டில் இல்லை' என்ற தங்கள் பதில்கள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முறையீட்டுக்குள் நுழையுமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கடைக்கு நகலெடுக்க வரும் காகிதங்களை நான் படிப்பேன். ஓரக்கண்ணால் பார்ப்பேன், தலைப்பை மட்டும் பார்ப்பேன் என்றெல்லாம் மழுப்ப விரும்பவில்லை. முழுசாகப் படிப்பேன். கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து வைக்கிற அந்த நாலு நொடிக்குள் ஒரு விவாகரத்து நோட்டீசைப் படித்து, யார் பக்கம் நியாயம் என்று முடிவும் செய்துவிடுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். சுவாரசியமான பக்கமாக இருந்தால் "மை சரியா விழலைங்க" என்று சொல்லி இன்னொரு தரம் எடுப்பேன். தெருவில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம், யார் மகன் எந்தப் பாடத்தில் எத்தனையாவது முறை என்பதெல்லாம் அவரவர் மனைவிக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும். இந்தக் கெட்ட புத்தி இல்லாவிட்டால் இந்த மனுவே பிறந்திருக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

2. மூன்று வருடங்களுக்கு முன் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது தாங்கள் அறிந்ததே. குன்றின்மேல் இருக்கும் பழைய இடுகாட்டில் இடம் குறைந்துவிட்டதாம். ஆகையால் இனி அங்கே அடக்கம் செய்யப்பட விரும்புகிறவர், தம் முன்னோர் ஒருவர் முதல் கணக்கெடுப்பின்போதே இந்த ஊரில் குடியிருந்தார் என்று தங்கள் அலுவலகச் சான்றைக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களுக்குப் புறவழிச்சாலை தாண்டி, தகரக் கூரை குடோன்களுக்குப் பின்னால், லாரி திரும்புகிற இடத்தில் புதிய இடுகாடு.

அன்றிலிருந்து ஊரே முன்னோரைத் தேடிக் கிளம்பிவிட்டது. பெற்ற அப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத பிள்ளைகள், அப்பனுக்கு அப்பனுக்கு அப்பனைக் காண்பதற்காகத் தங்கள் மாடிப்படியில் காலை எட்டு மணிக்கே வரிசை கட்டுகிறார்கள். கண்டுபிடித்ததும் நகலெடுக்க நேராக என் கடைக்கு வருகிறார்கள். நானும் படிக்கிறேன்.

3. இனி என் தரப்பு. என் தகப்பனார் பேருந்து நடத்துநர். முப்பத்திரண்டு வருடம், படியில் தொங்குகிறவர்களைப் பார்த்து "உள்ள போங்க, உள்ள போங்க, இடம் இருக்கு" என்று சொல்லியே வாழ்ந்தவர். ஒன்பது வருடங்களுக்கு முன் காலமாகிப் பழைய இடுகாட்டில் அடக்கமானார். அப்போது விதியும் இல்லை, சான்றும் இல்லை. ஆள் இறந்திருந்தால் போதும். அங்கே ஏறுவதற்கு நூற்று நாற்பது படிகள். என் தாயாருக்கு அப்போதே இரண்டு முழங்காலும் போய்விட்டபடியால் கீழ்ப்படியிலேயே நின்றுகொண்டார். தூக்கிப்போனவர்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவருக்குப் பக்கத்துல எனக்கு ஒரு இடம் போட்டு வைங்கப்பா." பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கச் சொல்கிற அதே குரல். போட்டுவைத்துவிட்டோம் என்று இறங்கி வந்து நான்தான் சொன்னேன்.

இப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது. புதிய விதியை நான் வாசித்துக் காட்டிய நாளிலிருந்து வீட்டில் எனக்கு நல்ல சோறு இல்லை.

"ஊருல உள்ளவன் முப்பாட்டனையெல்லாம் தேடிப் புடிச்சு ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கிற. சொந்தக் கொள்ளுத்தாத்தாவைக் காணோம்னு கையை விரிச்சுட்டு வந்து நிக்கிற. நான் போனா என்னை எங்கடா படுக்கவைப்ப, உன் மிஷின் மேலயா?"

இது அவருடைய வாக்குமூலம். ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை.

4. முதல் விண்ணப்பத்தோடு நான் தங்கள் இரண்டாம் மாடிக்கு ஏறியபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஏறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் என் கொள்ளுத்தாத்தா கப்பல் கேப்டன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பழைய கப்பல் படம் மாட்டியிருந்தது. மீதியை நானே ஊகித்துக்கொண்டேன். இங்கிருந்து கடலுக்கு ரயிலில் பதினோரு மணி நேரம் ஆகுமே என்று இதுவரை கேட்டவர் ஒரே ஒருவர், என் மனைவி; அதுவும் கல்யாணமான இரண்டாம் நாள்.

தங்கள் பிரிவு எழுத்தர் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். (நல்ல மனிதர். நாம் எதைச் சொன்னாலும் 'அது செல்லாது' என்று துடைத்துவிடுவதால் கடையில் அவரை 'அழிரப்பர்' என்போம். அன்போடுதான்.) நான்காவது வார்டுக்கு முப்பத்தெட்டுத் தாள்கள். ஒரு தாளுக்கு மூன்று வீடு, சில தாளில் இரண்டு. கதவு எண்கள் ஒன்று முதல் நூற்றுப் பன்னிரண்டு வரை. கதவு எண்ணை மட்டும் பார்த்து விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு.

"ஐம்பத்தேழு இல்லைங்களே சார்" என்றார்.

"அந்த வீட்டுலதாங்க நான் குடியிருக்கேன்."

"அது உங்க சொந்த விஷயம்."

5. வீட்டுக்கு வந்து, அரம் எடுத்துத் தலைவாசல் கதவைச் சுரண்டினேன். நீலம், அதற்கடியில் பச்சை, அதற்கடியில் யாருக்கும் நினைவில்லாத ஒரு மஞ்சள். ஏழாவது பூச்சுக்கு அடியில், மரத்தோடு மரமாகத் தார் எழுத்தில் 57 என்று தெரிந்தது. கணக்கெடுப்புக்கு முன் வீடுவீடாகப் போய் எண் போட்டார்கள் அல்லவா, அதே தார், அதே அளவு. படம் எடுத்து இரண்டாம் விண்ணப்பத்தோடு இணைத்தேன். 'கதவு இருந்தமைக்கு ஆதாரம் ஏற்கப்படுகிறது. கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தமைக்கு ஆதாரம் இல்லை' என்று பதில் வந்தது. நியாயம்தான். கதவு மட்டும் சுரண்டினபடியே நிற்கிறது. வருகிறவர்கள் வீட்டில் யாராவது கடன் கொடுத்தவர் வந்து போனாரா என்று விசாரிக்கிறார்கள்.

6. அதன்பின் ஒருநாள், என் கடைக்கு அடுத்த மருந்துக்கடைக்காரர் தம் முன்னோர் இருந்த முப்பத்தோராம் தாளை நகலெடுக்கக் கொண்டுவந்தார். வழக்கம்போலப் படித்தேன். அடியில் 'மேற்கண்ட நபர்களை நேரில் கண்டு எழுதினேன்' என்ற வரி. அதன் கீழே கணக்கெடுப்பாளரின் கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் புறப்பட்டு, வலமாகச் சுற்றி வந்து, தன் தலையிலேயே மூன்று புள்ளி வைத்துக்கொள்ளும் கையெழுத்து.

எங்கள் வீட்டு மரப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் அதே கையெழுத்து இருபது முப்பது தடவை போட்டுப் பழகப்பட்டிருக்கிறது. கேப்டன் போட்டது என்று குழந்தைகளுக்குக் காட்டி வளர்த்ததே நான்தான்.

ஆக, என் கொள்ளுத்தாத்தா கப்பலில் ஏறவில்லை. வீடுவீடாக ஏறி இறங்கியவர். இந்த வார்டின் முப்பத்தெட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டவர் அவரே. கேப்டன் பதவி அன்றைக்கே பறிபோயிற்று. ஆனாலும் மனம் குளிர்ந்தது. நானூற்று அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள் என்பதற்கு அவர் ஒருவர் சாட்சி. அவர் இருந்தார் என்பதற்கு அந்த நானூற்று அறுபத்து மூன்று பேரும் சாட்சியாக மாட்டார்களா என்று மூன்றாம் விண்ணப்பத்தில் கேட்டிருந்தேன்.

அழிரப்பர் அவர்கள் தாளையும் பெட்டி மூடியையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். (மூடியைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு மாடியேறினேன் என்பதைக் கருணையோடு கவனிக்க வேண்டுகிறேன்.)

"கையெழுத்து ஒண்ணுதான் சார், இல்லைங்கல. ஆனா கையெழுத்துப் போட்டவர் இங்க குடியிருந்தாருன்னு எங்க இருக்கு?"

"அப்ப அவர் எழுதினது மட்டும் எப்படிங்க செல்லும்?"

"எழுதினது செல்லும். எழுதினவர்தான் செல்லமாட்டாரு."

7. ஊரையெல்லாம் எழுதியவர் தன் வீட்டை ஏன் விட்டார் என்று தாங்கள் கேட்கலாம். சுற்றுலா போகிற இடத்தில் தலையை எண்ணுகிற வாத்தியார், எப்போதும் ஒரு தலை குறைகிறதென்று பதறுவாரே, அது மாதிரிதான் என்பது என் கருத்து. ஒவ்வொரு கதவாகத் தட்டி 'வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்டுக்கொண்டு போனவரிடம், 'உங்க வீட்டில் எத்தனை பேர்' என்று கேட்க ஒருவரும் இல்லை. தன் வீட்டுக்கு வந்தபோது அது அவருக்கு வேலை செய்கிற இடமாகத் தெரியவில்லை. சாப்பிட்டுப் படுக்கிற இடமாகத் தெரிந்திருக்கிறது.

என் தாயாரின் கருத்து வேறு. அதைப் புரிந்துகொள்ள அடுத்த பத்தி தேவை. அடுத்த பத்தியைப் படித்தபின் தாங்கள் மறந்துவிட வேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

8. இரண்டு வருடங்களில் அந்த முப்பத்தெட்டுத் தாள்களும் ஒவ்வொன்றாக என் கண்ணாடிமேல் படுத்து எழுந்துவிட்டன. வேறு யாரும் அவற்றை ஒன்றாகப் பார்த்ததில்லை. அவரவர் தம் தாளை மட்டும் பார்த்துக் கண்ணீர் விட்டுப் போகிறார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முதல் மூன்று தாள்கள் அருமை. ஒருவருக்கு வயது முப்பத்தேழு, ஒரு கைக்குழந்தைக்கு நாலு மாதம், ஒரு கிழவருக்கு 'தெரியாது என்கிறார்', ஒரு கணவர் 'மனைவியோடு மனஸ்தாபம், தம்பி வீட்டில் படுக்கிறார்'. நின்றுகொண்டே எழுதியதால் எழுத்துக் கோணல்மாணல்.

நாலாம் தாளிலிருந்து எழுத்து முத்து முத்தாகிவிடுகிறது. சாய்ந்து உட்கார்ந்து, பலகை மேல் வைத்து எழுதியது. அங்கிருந்து நூற்றிரண்டு வீடுகளிலும் வீட்டுக்கு நாலே பேர். வீட்டுத் தலைவருக்கு வயது நாற்பது, மனைவிக்கு முப்பது, பிள்ளைகளுக்குப் பத்தும் எட்டும். தொழில் வரிசையாகத் தச்சர், தையற்காரர், வண்டிக்காரர். மறுபடி தச்சர், தையற்காரர், வண்டிக்காரர். ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டாம் தாள்களில் டீ கிளாஸ் வைத்த வட்டம் பதிந்திருக்கிறது. இருபத்திரண்டாம் தாளில் அந்த வட்டம் ஒரு குடும்பத்தையே நடுவில் வைத்து வளைத்திருக்கிறது. அவர்கள் வழி வந்தவர்கள் அதை அரசு முத்திரை என்று நம்புகிறார்கள். முப்பத்து மூன்றாம் தாளில் களைப்பு மேலிட்டு, பத்து வயதுத் தாய்க்கு இருபது வயது மகன்.

வீட்டுத் தலைவர்களின் பெயர்கள் உண்மையாகவே இருக்கும்; அதே வார்டுக்காரர்தானே, தெரிந்திருக்கும். மற்றவர்களெல்லாம் டீக்கடை பெஞ்சில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பது என் துணிபு. என் ரத்தம் ஆகையால் எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

மருந்துக்கடைக்காரர் விஷயம் கொஞ்சம் வேதனையானது. அவர் முன்னோர் முறைப்படி தையற்காரராக வந்திருக்க வேண்டும். என்ன தோன்றியதோ, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 'சங்கீதம்' என்று எழுதியிருக்கிறார். அலுப்பாக இருந்திருக்கும். மருந்துக்கடைக்காரர் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு, இருமல் மருந்துகளுக்கு மேலே மாட்டிவிட்டார். மகளுக்கு வயலின் வாங்கிக் கொடுத்து வகுப்பில் சேர்த்துவிட்டார். "ரத்தத்துலயே இருக்கு சார், எங்கே போகும்" என்கிறார். அந்தப் பெண் வாசிப்பதை ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து தினமும் கேட்கிறவன் என்ற முறையில், அது ரத்தத்தில் இல்லை என்று எந்த அலுவலகத்திலும் சத்தியம் செய்வேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. என் கொள்ளுத்தாத்தா செய்ததற்கு அந்தப் பெண் என்ன செய்யும்.

இதையெல்லாம் என் தாயாரிடம் மட்டும் சொன்னேன். காலை நீட்டித் தைலம் தடவிக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்:

"உங்க கொள்ளுத்தாத்தா யோக்கியன்டா. ஊரு முழுக்கக் கதை கட்டி எழுதினாரு. சொந்த வீட்டைப் பத்திப் பொய் எழுத மனசு வரல. உண்மையை எழுதணும்னா எழுந்து வீட்டுக்கு வரணும். அதுக்கு உடம்பு வளையல. அதான் விட்டுட்டாரு."

ஏழாம் பத்தியில் நான் குறிப்பிட்ட வேறு கருத்து இதுவே. அறுபது வருடம் அந்தக் குடும்பத்தின் மருமகளாக இருந்தவர் என்பதால் இதற்கு எடை அதிகம்.

9. என் சங்கடம் இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும். கொள்ளுத்தாத்தா எழுதியதெல்லாம் சரி என்றால், ஐம்பத்தேழாம் வீட்டில் யாருமே இல்லை. என் தாயார் குடோனுக்குப் பின்னால் போக வேண்டும். எழுதியது சரியில்லை என்று நான் நிறுவினால், நூற்றிரண்டு வீட்டுக்காரர்களின் சான்றும் சந்தேகத்துக்கு இடமாகி, வார்டே மொத்தமாகக் குடோனுக்குப் பின்னால் போக வேண்டும். அதிலும் நிம்மதி இல்லை. அங்கேயும் என்னைத்தான் எல்லோரும் கரித்துக்கொட்டுவார்கள், உயிரோடும் சரி, அதற்குப் பிறகும் சரி.

இதையும் தாயாரிடம் சொன்னேன். "யாரையும் எழுப்பி அனுப்பி எனக்கு இடம் வேணாம். மத்தவங்களுக்கு ஆறடின்னா எனக்கு நாலரை அடி போதும். மடக்கிப் படுத்துக்குவேன். கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டுப் பார்க்கிறேன். தாளின் அடியில் இருக்கும் கையெழுத்தை மட்டும் தாங்கள் நம்ப வேண்டும். கையெழுத்துக்கு மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். எந்த அலுவலகத்திலும் எந்த உயர் அதிகாரியும் காகிதங்களை இந்த முறையில்தான் கையாள்கிறார் என்பதால், நான் வழக்கத்துக்கு மாறாக எதையும் கோரிவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

10. அவசரம் பற்றி ஒரு வார்த்தை. போன மாதம் தாயாரை நெஞ்சுவலியோடு நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள், டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். தனியாகச் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். படுக்கையிலிருந்து குரல் வந்தது: "டாக்டர் தம்பி, இன்னும் சர்ட்டிபிகேட் வரலப்பா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு." யாரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார் என்று டாக்டருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் நான் எதையும் படிக்கவில்லை. எதிரே சுவரில் ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தது, அதைக்கூட.

இந்த மனுவில் சிரிப்பதுபோல் எங்கேனும் எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். வேறு விதமாக எழுத எனக்குப் பழக்கமில்லை.

11. ஆகவே, நான்காவது வார்டின் கணக்கெடுப்பாளர் அந்த வார்டிலேயே ஐம்பத்தேழாம் எண் வீட்டில், மனைவி மக்களோடு, மற்றவர்களைப்போலவே உண்டு உறங்கி வாழ்ந்தவர் என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு வேண்டுகிறேன். வயதுக்கு நாற்பது என்று போட்டுக்கொள்ளலாம், ஊரோடு ஒத்துப்போகும். எழுத்துச் செலவு, தாள் செலவு, தங்கள் பிரிவுக்கு இனி வருகிற நகல்கள் எல்லாவற்றையும் நான் கவனித்துக்கொள்கிறேன், படிக்காமலே. பல வருடமாக அம்மா கீழ்ப்படியில் நிற்கிறார். அவரை மேலே ஏற்றிவிட இந்தத் தெருவில் தங்கள் ஒருவர் கையால்தான் முடியும் என்று நம்பி, இந்த மனுவை நானே மாடியேறி வந்து தங்கள் மேசைமேல் வைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்களுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் உள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரர்
(கையொப்பம், வால் இல்லாமல்)

இடம்: கடை
நாள்: இம்மாதம் 9, திங்கட்கிழமை

இணைப்புகள்:

1. கதவின் படம் – 1.

2. பெட்டி மூடியின் நகல் – 1. (மூடி கண்ணாடிமேல் முழுதாக அமராததால் நாலு துண்டாக எடுத்து ஒட்டப்பட்டுள்ளது.)

3. முப்பத்தெட்டுத் தாள்களின் அடிப்பகுதி மட்டும். மேற்பகுதி மடித்து மறைக்கப்பட்டுள்ளது.

4. என் தகப்பனார் இருக்கும் இடத்தின் வரைபடம் – 1. (தங்கள் படிவத்தில் 'பக்கத்துக் குழி எண்' என்று ஒரு கட்டம் இருந்தபடியால், அடக்கத்துக்குப் பிறகு முதல்முறையாக நேற்று படியேறிப் போய் வரைந்தது. அப்பாவுக்கு இடப்பக்கம் சுற்றுச்சுவர். வலப்பக்கம், ஆறு வருடமாக, ஒரு பல் டாக்டர். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)